திருட்டுக் கருவிக்கும் மாத வாடகை!

— நமது ஆனைகட்டி நிருபர்

அந்தக் காலத்தில் கன்னம் வைக்கப் போகும் திருடன் கன்னக்கோலை யாரும் அறியாமல் கொல்லனிடம் அடித்து வாங்கியாக வேண்டும். பூட்டைத் திறக்கக் கை பழக வேண்டும். ஊர் நாய்க்கும் காவல்காரனுக்கும் தப்ப வேண்டும். திருட்டுக்கும் ஒரு தொழிற்பயிற்சி தேவைப்பட்டது. ஆகவே திருடர்களின் எண்ணிக்கையும் ஓர் அளவோடு நின்றது.

இன்று செல்போன் வழியாகப் பாங்குப் பணத்தைப் பறிப்பவனுக்கு அந்தப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. கருவியை ஒருவன் செய்து வைத்திருக்கிறான். இன்னொருவன் அதைக் கடை போட்டு விற்கிறான். மூன்றாமவன் மாத வாடகை கொடுத்து எடுத்துக்கொள்கிறான். கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எப்படி உபயோகிப்பது என்பதையும் கடைக்காரனே சொல்லிக் கொடுத்துவிடுகிறான்.

சைபர் மோசடிகளில் 2024-ம் ஆண்டு நாடு முழுவதும் பொதுமக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் தெரிவித்தது. அதற்கு முந்திய ஆண்டில் இது 7,465 கோடி. அதாவது ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. 2024-ல் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,673 கோடியும், கேரளத்தில் ஏறத்தாழ 763 கோடியும் போயிருக்கின்றன.

ஒரு வருஷத்துக்குள் திருடர்களின் மூளை மூன்று மடங்கு வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இந்தத் தொகையில் பங்கு மார்க்கெட் ஆசை காட்டியும், 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டியும் பறித்தது நிறைய உண்டு. சம்பளம், சீட்டு, மளிகை எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டதும் ஒரு காரணம். ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் இந்தக் கருவிச் சந்தை. அது திறந்த பிறகு திருட்டுக்கு வந்து சேரும் ஆட்களின் கூட்டம் பெருகிவிட்டது.

கேரளத்தில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பணத்தைப் பறிகொடுப்பவர்களில் நாமும் இருக்கிறோம் என்பது ஒன்று. அதைவிட மோசமானது, இந்தச் சந்தையில் விலைபோகும் சரக்குகளில் ஒன்றாக நம்மையும் சேர்த்துவிட்டார்கள் என்பது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மாதச் சந்தா

இந்த வகை மோசடிக்கு 'பிஷிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பது போலத்தான். பாங்கு, தபால் இலாகா, மின்சார போர்டு ஆகியவற்றிலிருந்து வந்தது போல ஒரு செய்தி வரும். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால் அசல் பாங்கின் பக்கத்தைப் போலவே அச்சாக ஒரு போலிப் பக்கம் திறக்கும். கார்டு எண், ரகசிய எண் எல்லாம் அதில் போட்டோமானால் அவை பாங்குக்குப் போவதில்லை. தூண்டில்காரனிடம் போய்ச் சேர்கின்றன.

இதை ஒருவனே தனியாகச் செய்வதானால் போலிப் பக்கம் தயாரிக்க வேண்டும். அதை இணையத்தில் ஏற்றப் போலிப் பெயரில் இடம் பிடிக்க வேண்டும். லட்சக்கணக்கில் செய்தி அனுப்ப வேண்டும். சிக்கிய எண்களைத் தொகுக்க வேண்டும். பாங்கு அனுப்பும் ஓ.டி.பி. எண் சில நிமிஷத்தில் செத்துப் போகும் என்பதால் அதற்குள் அதையும் பிடிக்க வேண்டும். இத்தனையும் தெரிந்த பேர்வழி பெங்களூரில் நல்ல சம்பளத்துக்கே வேலைக்குப் போகலாம்!

இந்த இடத்தில்தான் கடைக்காரர்கள் நுழைந்தார்கள். 2021-ல் 'லேப்ஹோஸ்ட்' என்ற பெயரில் இணையத்தில் ஒரு கடை திறக்கப்பட்டது. பல பாங்குகள், தபால் நிறுவனங்கள் ஆகியவற்றின் போலிப் பக்கங்கள் அங்கே தயாராக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சந்தா மாதம் 200 முதல் 300 பவுண்டு. சந்தா கட்டியவன் வேண்டிய பாங்கைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். ஓ.டி.பி. எண்ணை அந்தக் கணமே பிடித்துக் கொடுக்கும் வசதியும் உண்டு.

2024 ஏப்ரலில் லண்டன் மாநகரப் போலீசார், யூரோபோல் அமைப்போடும் பல நாட்டுப் போலீசாரோடும் சேர்ந்து இந்தக் கடையை மூடி 37 பேரைக் கைது செய்தனர். அதற்குள் சுமார் 2,000 பேர் சந்தாதாரர்களாகி, 40,000-க்கு மேற்பட்ட போலிப் பக்கங்களை உண்டாக்கிவிட்டிருந்தார்கள். திருடப்பட்ட கார்டு எண்கள் 4,80,000. ரகசிய எண்கள் 64,000. கடவுச்சொற்கள் பத்து லட்சத்துக்கும் மேல். கடையைத் தொடங்கி நடத்தியதாகப் பிடிபட்ட இளைஞருக்கு வயது 23. பிரிட்டிஷ் கோர்ட் 2025 ஏப்ரலில் அவருக்கு எட்டரை ஆண்டு சிறை விதித்தது.

இதில் கவனிக்க வேண்டியது வருமானக் கணக்கு. கடைக்குச் சந்தாவாக வந்த மொத்தப் பணம் பத்து லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவு என்று போலீசார் கணக்கிட்டனர். கடைக்காரன் தன் கையால் யாருடைய கணக்கிலும் கை வைத்ததில்லை. கடைத்தெருவில் கத்தி விற்கிறவன் மாதிரி, விற்றதோடு தன் பொறுப்பு முடிந்தது என்ற பாவனையில் உட்கார்ந்திருந்தான்.

இது ஏதோ வெள்ளைக்காரர் நாட்டு விவகாரம் என்று எண்ண வேண்டாம். '16ஷாப்' என்ற இன்னொரு கடையை இந்தோனேசியாவில் நடத்தி வந்தவனுக்கு 21 வயதுதான். 2023 ஆகஸ்டில் இண்டர்போல் அறிவித்த தகவல்படி, அங்கே விற்ற கருவிகளால் 43 நாடுகளில் 70,000 பேருக்கு மேல் ஏமாந்தார்கள். பாகிஸ்தானிலிருந்து இயங்கிய ஒரு கும்பலின் 39 இணையதளங்களை அமெரிக்க, டச்சு அதிகாரிகள் 2025 ஜனவரியில் முடக்கினர். கருவிகளை விற்றதோடு நில்லாமல், உபயோகிக்கும் முறையை யூடியூபில் வீடியோ காட்டி வாங்கியவர்களுக்குப் பாடமும் நடத்தியது அந்தக் கும்பல்.

தட்கலில் நடந்த ஒத்திகை

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு புதிதாகத் தோன்றாது. தட்கல் டிக்கெட்டில் இதே கதை பல வருஷமாக நடந்து வந்திருக்கிறது.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போக, காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கும் என்று விடியற்காலையிலேயே கவுண்ட்டர் முன் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். முதல் ஆள் பாரம் நீட்டி, குமாஸ்தா பெயரைத் தட்டி முடிப்பதற்குள் 'வெயிட்டிங்' வந்துவிடும். குமாஸ்தாதான் உள்ளே யாருக்கோ கொடுத்துவிட்டான் என்று ஜன்னலைத் தட்டித் திட்டுவார்கள். திட்டு வாங்கி எங்களுக்குப் பழகிவிட்டது. டிக்கெட் போன வழி வேறு.

2017 டிசம்பரில் சி.பி.ஐ. ஒருவரைக் கைது செய்தது. அவர் சி.பி.ஐ.யிலேயே உதவிப் புரோகிராமர்! அதற்கு முன் ரயில் டிக்கெட் இணையதளத்தை நடத்தும் ஐ.ஆர்.சி.டி.சி.யில் வேலை பார்த்தவர். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான தட்கல் டிக்கெட்டுகளை எடுக்கும் 'நியோ' என்ற சாப்ட்வேரைத் தயாரித்து, ஏஜெண்டுகளுக்கு உபயோகக் கட்டணத்தின் பேரில் கொடுத்தார் என்பது அவர் மீதான வழக்கு. பணம் பிட்காயினாகவும் ஹவாலா வழியாகவும் வந்ததாக சி.பி.ஐ. கூறியது.

2020 செப்டம்பரில் ரயில்வே பாதுகாப்புப் படை அம்பலப்படுத்திய 'ரேர் மேங்கோ' என்ற சாப்ட்வேர் இன்னும் ஒரு படி மேல். அதன் விற்பனை ஐந்து அடுக்காக நடந்தது. உச்சியில் தயாரிப்பாளன், அவனுக்குக் கீழே மானேஜர்கள், பிறகு மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, கடைசியில் ஏஜெண்ட். உச்சியில் இருப்பவனுக்குப் பணம் பிட்காயினில் போகும். 'நீ மனிதன்தானா' என்று சோதிக்க இணையதளம் காட்டும் கோணல் எழுத்துச் சோதனையை அது தாண்டிவிடும். பிரயாணிகளின் பெயர், வயதைத் தானே நிரப்பும். பல பெயர்களில் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும். பாங்கு அனுப்பும் ஓ.டி.பி. எண்ணை ஒரு செல்போன் செயலி வழியாகப் பிடித்துத் தானே போட்டுக்கொள்ளும். ஐம்பது பேர் கைதானார்கள்.

வரிசையில் இடம் திருடுவதும் பாங்கில் பணம் திருடுவதும் ஒன்றல்ல. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அமைப்பு அப்படியே இருக்கிறது பாருங்கள். ஓ.டி.பி.யைத் தானாகப் பிடிக்கும் செயலி, அடுக்கடுக்கான வியாபாரிகள், உச்சிக்கு யாரும் எட்ட முடியாதபடி பணம் போகும் வழி. அடிமட்டத்தில் டிக்கெட் எடுத்த ஏஜெண்டுக்குக் கம்ப்யூட்டர் வித்தை ஒன்றும் தெரியாது. சாப்ட்வேரை வாடகைக்கு எடுத்திருந்தான், அவ்வளவுதான். சோதனைக்கு வந்த படையினரிடம் முதலில் அகப்பட்டவனும் அவனே.

2025-ல் ரயில்வே கடிவாளத்தை இறுக்கியது. சந்தேகத்துக்கு இடமான இரண்டரைக் கோடி ஐ.ஆர்.சி.டி.சி. கணக்குகள் நீக்கப்பட்டன. ஜூலை 1 முதல், இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயமாயிற்று. முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்குத் தடை. சந்தை என்ன செய்தது? ஆதார் சரிபார்த்த கணக்குகளையே டெலிகிராம் குழுக்களில் சில நூறு ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது என்று அந்த மாதமே பத்திரிகையில் வந்தது. அங்கே தட்கல் சாப்ட்வேர் என்று விற்ற ஒன்று, வாங்கியவனின் போனிலிருந்தே தகவல் திருடும் ரகம் என்பதும் அதே செய்தியில் வெளியாயிற்று. திருடனுக்கே திருட்டுச் சரக்கு விற்கும் அளவுக்குச் சந்தை முதிர்ந்துவிட்டது.

ரயில்வேயின் பெயரிலேயே தூண்டிலும் போட்டார்கள். 2023-ல் ஐ.ஆர்.சி.டி.சி.யின் செயலி போல் ஒரு போலிச் செயலி வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றி வருகிறது, இறக்கிக்கொள்ள வேண்டாம் என்று அந்த நிறுவனமே எச்சரிக்கை விடுத்தது.

பதினாறு வயதுப் பையன்

கேரளத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வந்த 'அபராதச் சீட்டு' பலருக்கு நினைவிருக்கும். 'உங்கள் வாகனம் விதியை மீறியிருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அதில் வண்டியின் நம்பர் சரியாக இருக்கும். அபராதத்தைப் பார்க்க ஒரு செயலியை இறக்கச் சொல்லும். இறக்கினால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும். பாங்கு ஓ.டி.பி. அனுப்பும், செயலி அதைப் படித்து மேலே அனுப்பிவிடும். போன்காரருக்கு ஒன்றும் தெரியாது.

2025 ஜூலையில் கொச்சி சைபர் போலீசார் இதன் தொடர்பாக உத்தரப் பிரதேசத்தின் வாரணாசிக்குப் போய் இருவரைக் கைது செய்தனர். வண்டிகளின் விவரத்தை டெலிகிராமில் இயங்கும் ஒரு தானியங்கி மூலம் பெற்றார்கள் என்றும், போலிச் செயலியைச் செய்து கொடுத்தது அவர்களுடைய உறவுக்காரப் பையன், வயது 16 என்றும் போலீசார் தெரிவித்தனர்.

பதினாறு! நம் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற வயது.

ஜார்க்கண்டில் ஜாம்தாரா என்று ஒரு மாவட்டம். டெலிபோனில் பாங்கு மானேஜர் போலப் பேசி ஏமாற்றுவதில் நாடு முழுவதும் பெயர் 'பெற்ற' இடம். அங்கேயும் 2025 ஜனவரியில் ஆறு பேர் பிடிபட்டனர். இவர்கள் வெறும் டெலிபோன் பேச்சாளர்கள் அல்ல. விவசாயிகளுக்கான மத்திய சர்க்கார் உதவித் திட்டங்களின் பெயரிலும், பாங்குகளின் பெயரிலும் போலிச் செயலிகளைத் தயாரித்து மற்ற மோசடிக்காரர்களுக்கு விலைக்குக் கொடுத்து வந்தார்கள் என்பது போலீசார் கூற்று. ஆக, லேப்ஹோஸ்ட் போன்ற கடை ஜாம்தாராவிலும் திறந்தாயிற்று.

முன்பெல்லாம் மோசடிச் செய்தியை அதன் பிழையான ஆங்கிலத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அந்த யோசனை நமக்கு என்றுமே உதவியதில்லை. ஆனைகட்டி, அகளி, சோலையூர் பக்கம் கட்டட வேலையிலும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டங்களிலும் இருக்கும் நம்மவர் பலருக்கு ஆங்கிலமும் மலையாளமும் பேச்சோடு சரி. செய்தி வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டி, 'அண்ணே, என்ன போட்டிருக்குன்னு பாருங்க' என்பதுதான் வழக்கம். பார்க்கிற அண்ணன் நல்லவராயிருந்தாலும், 'ஏதோ பாங்கு சமாச்சாரம், அமுக்கிப் பாரு' என்றுதான் சொல்வார். இப்போது எழுதும் யந்திரங்கள் வந்துவிட்டபடியால் பிழையில்லாத தமிழிலேயே செய்தி வருகிறது.

கணக்கு வாடகைக்கு

கருவியை வாடகைக்கு எடுத்தாயிற்று. மீனும் சிக்கிவிட்டது. பணத்தை எங்கே இறக்குவது? தன் சொந்தக் கணக்கில் இறக்கினால் மறுநாளே போலீஸ் வரும். ஆகவே பிறர் கணக்கு வேண்டும். பிறர் பெயரில் சிம் கார்டும் வேண்டும். சந்தையில் இவையும் சரக்குகள்தான். சுமை தூக்கும் கழுதை என்ற பொருளில் இதற்கு 'மியூல்' கணக்கு என்று பெயர். சுமை யாருடையது என்று கழுதைக்குத் தெரியாது. அடி மட்டும் அதற்கு விழும்.

இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கேள்விப்படுகிற சம்பவம் இது. கட்டட வேலைக்கு வந்த இளைஞர் ஒருவரிடம், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஓர் ஆசாமி வருகிறார். 'தம்பி, பாங்கில் உனக்கு ஒரு கணக்குத் தொடங்கித் தர்றேன். செலவு என்னோடது. பாஸ் புத்தகம், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் என்கிட்ட கொடுத்துடு. ஆன்லைன் வியாபாரத்துக்கு வேணும். மாசம் ஒரு தொகை வரும்' என்கிறார். தம்பி தன் காசு எதையும் கொடுக்கவில்லை. ஒரு கையெழுத்துப் போட்டால் பணம் வருகிறது. இதில் நஷ்டம் என்ன என்று அவர் நினைப்பதில் ஆச்சரியமில்லை. மழைக்காலத்தில் வாரம் இரண்டு நாள்தான் வேலை கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நஷ்டம் பிறகுதான் தெரியும். 2025 அக்டோபர் இறுதியில் கேரளப் போலீசார் மாநிலம் முழுவதும் 'ஆபரேஷன் சை-ஹண்ட்' என்ற பெயரில் ஒரே நாளில் சோதனை நடத்தி 263 பேரைக் கைது செய்தனர். பதிவான வழக்குகள் 382. மோசடிப் பணம் இறங்கிய கணக்குகளின் சொந்தக்காரர்கள், அந்தப் பணத்தைச் செக்கிலும் ஏ.டி.எம்.மிலும் எடுத்துக் கொடுத்தவர்கள், கணக்கை வாடகைக்கு விட்டவர்கள் ஆகியோரைக் குறி வைத்து நடந்த சோதனை அது.

போலீசாரைக் குறை சொல்வதற்கில்லை. பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் தட்டுப்படும் வீடு கணக்குக்காரனுடையது. அவனுடைய பெயர், போட்டோ, ஆதார், விலாசம் எல்லாம் பாங்கில் இருக்கிறது. செயலியைச் செய்து விற்றவனுக்கு டெலிகிராமில் ஒரு புனைபெயர், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் உண்மையான பெயரோடு நடமாடுகிறவன் ஏழைக் கணக்குக்காரன் ஒருவனே. அதனால்தான் அவனுக்கு வாடகை கொடுக்கிறார்கள். அவனிடமிருந்து வாங்குவது கணக்கை அல்ல, கைதாவதற்கு ஒரு பெயரை.

சட்டத்தில் ஓர் ஓட்டை

கள்ளநோட்டு விஷயத்தில் நம் சட்டம் தெளிவாக இருக்கிறது. நோட்டை அச்சடித்துச் செலாவணி செய்ய வேண்டும் என்பதில்லை. அதற்கென்று யந்திரமோ அச்சோ தயாரித்தாலும், விற்றாலும், வாங்கினாலும், கையில் வைத்திருந்தாலும் போதும். பாரதிய நியாய சங்கிதையின் 181-வது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை கிடைக்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. கருவி கடைக்கு வந்துவிட்டால் கள்ளநோட்டுக்காரர்கள் பெருகிவிடுவார்கள் என்று அன்று சட்டம் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தூண்டில் கருவிக்கு அப்படிப்பட்ட தனிப்பிரிவு நம்மிடம் இல்லை. 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், பிறர் கம்ப்யூட்டருக்குள் அனுமதியின்றி நுழைய உதவி செய்வதும் குற்றமே. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு அல்லது ஐந்து லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கான 66-டி பிரிவிலும் மூன்று ஆண்டுதான். மூன்று ஆண்டுத் தண்டனைக் குற்றங்கள் அந்தச் சட்டத்தில் ஜாமீனில் விடக்கூடியவை. மறுபுறம், மோசடிக்கு உடந்தை என்று பிடிபடும் கணக்குக்காரன் மீது நியாய சங்கிதையின் 318-வது பிரிவில் வழக்குப் போட்டால் ஏழாண்டு வரை போகலாம். கன்னக்கோலை அடித்து விற்றவனுக்கு மூன்று வருஷம்; திண்ணையை வாடகைக்கு விட்டவனுக்கு ஏழு வருஷம்!

திட்டமிட்ட குற்றம் என்ற புதிய 111-வது பிரிவில் சைபர் குற்றமும் சேர்க்கப்பட்டிருப்பது உண்மைதான். அதில் குறைந்தது ஐந்தாண்டு, அதிகம் போனால் ஆயுள். ஆனால் அது பொருந்துவதற்குப் பத்தாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் கோர்ட்டில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். புனைபெயரில் ஒளிந்திருப்பவன் மீது முதல் குற்றப்பத்திரிகை போடுவதே பெரும்பாடு.

பிரிட்டனில் 2006-ம் ஆண்டு மோசடிச் சட்டத்திலேயே, மோசடிக்கு உதவும் பொருளைச் செய்வதும் விற்பதும் தனிக் குற்றம். பத்தாண்டு வரை சிறை. 2001-ல் ஐரோப்பிய நாடுகள் முன்னின்று செய்த புடாபெஸ்ட் ஒப்பந்தமும் இத்தகைய கருவி விற்பனையைக் குற்றமாக்கச் சொல்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. ஒப்பந்தத்தைத் தயாரித்தபோது நம்மைக் கலந்துகொள்ளவில்லை என்பது உள்ளிட்ட காரணங்கள் சொல்லப்படுகின்றன. அது எப்படியோ இருக்கட்டும். கள்ளநோட்டு யந்திரத்துக்குப் போட்ட பிரிவைத் தூண்டில் கருவிக்கும் விரித்துப் போட எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. பார்லிமெண்ட் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் முடிந்தது. கணக்குக்காரர்களை நூற்றுக்கணக்கில் பிடித்தும் மோசடி குறையாததற்கு, இந்தச் சந்தையின் வாசல் அடைக்கப்படாததே காரணம் என்பது என் கருத்து.

இரு மாநிலத்துக்கு நடுவே

ஆனைகட்டியில் எல்லையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். வேலை அட்டப்பாடியில், பாங்குக் கணக்கு ஊரில், பறித்தவன் ஜார்க்கண்டில். புகார் எங்கே கொடுப்பது? 'நீ தமிழ்நாட்டில் போய்க் கொடு', 'அது கேரள விவகாரம்' என்று அலைக்கழிக்கப்பட்டவர்கள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்கிதையின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது. ஆகவே இரண்டு பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனால் போலீஸ் நிலையத்துக்கு நடப்பதற்கு முன் 1930 என்ற எண்ணுக்குப் பேசிவிட வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து நாலு கணக்குக்கும், அதிலிருந்து நாற்பது கணக்குக்கும் சில மணி நேரத்தில் பிரிந்துவிடும். முதல் கணக்கில் இருக்கும்போதே தடுத்தால்தான் உண்டு. பாங்குக்கும் உடனே சொல்லி, சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கு வகுத்த விதி இதில் முக்கியம். ஓ.டி.பி.யைக் கொடுத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், புகார் சொல்லும் வரை போன பணம் அவர் தலையில். சொன்ன பிறகு போவது பாங்கின் தலையில்.

கணக்கை ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்துவிட்டவர்கள், போலீஸ் வரட்டும் என்று காத்திராமல் பாங்குக்கு எழுதிக் கொடுத்து அதை மூடிவிடுவது நல்லது. எழுதிய கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய சர்க்காரின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். நமக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கினால் 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு சிறை, அல்லது ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு குற்றமும் செய்யாதவர்களின் கணக்கும் முடங்குவதுண்டு. கூலியை யாரோ யு.பி.ஐ.யில் அனுப்பியிருப்பார். அந்தப் பணம் எங்கோ திருடியதாக இருக்கும். தடம் வந்து நம் கணக்கில் முட்டி நிற்கும். 2023-ல் கேரளத்தில் ஓட்டல்காரர்கள், சிறு வியாபாரிகள் பலருக்கு இப்படி நேர்ந்து, வழக்குகள் கேரள ஐகோர்ட்டுக்குப் போயின. சந்தேகத்துக்கு உள்ளான தொகையை மட்டுமே நிறுத்தி வைக்க வேண்டும், கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று அந்த ஆண்டே ஐகோர்ட் உத்தரவிட்டது. உதாரணமாக, கணக்கில் 18,000 ரூபாய் இருந்து, அதில் திருட்டுப் பணம் என்று சொல்லப்படுவது 700 ரூபாய் என்றால், நிறுத்தி வைக்கக்கூடியது அந்த 700 மட்டுமே. முடங்கியவர்கள் பாங்கில் எந்த மாநிலத்துப் போலீஸ் நிலையம், புகார் எண் என்ன, தொகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்த மூன்றும் கையில் இருந்தால், மீதிப் பணத்தை எடுக்க அனுமதி கேட்டு மானேஜரிடம் மனுக் கொடுக்கலாம்.